மாமரத்தடிச் சருகும் ஆறுமணிக்குருவியும்

ஐப்பசி வாக்கில் வந்து சேரும் ஆறுமணிக்குருவி, பங்குனி கடைசியில் வடக்கே கிளம்பிவிடும். விடியலிலும் அந்தியிலும், ஏறக்குறைய ஆறு மணிக்கு விசிலடிப்பதுபோல் கூப்பிடுவதால் இந்தப் பெயர். 'தோட்டக்கள்ளன்' என்றும் சொல்வார்கள். மைனாவைவிடச் சிறியது, குட்டை வால். பச்சை முதுகு, தோளில் நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் சிவப்பு. வடக்கே 'நவரங்' என்கிறார்கள். இத்தனை நிறம் இருந்தும், நிழலில் அசையாமல் நின்றால் கண்ணுக்கே தட்டுப்படாது.

கோவைக்கு வெளியே, சோளக்காடெல்லாம் மனைகளாகிப்போன ஒரு பகுதியில் இருக்கிறது அந்த வீடு. காட்டை விற்றுவிட்டு மகனோடு வந்து தங்கிய அம்மா, கொல்லையில் விழும் மாஞ்சருகை எரிக்க விடமாட்டார். மரத்தடியிலேயே மூடாக்காகப் பரப்பிவிடுவார். கரையான், மண்புழு, வண்டுப்புழு எல்லாம் அதற்கடியில் சேர்ந்தன. மூன்று வருடமாக ஒரு குருவியும் வருகிறது. அதே குருவிதானா என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

தத்தித் தத்திப் போய், அலகால் சருகைப் புரட்டி, அடியில் இருப்பதைக் கொத்தும். சுத்தமாகக் கூட்டிய வாசலில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. இரவில் பறந்து நெடுந்தூரம் போகவேண்டிய பறவை. கிளம்புமுன் உடம்பில் கொழுப்பு ஏறியிருக்க வேண்டும். மத்திய இந்தியக் காடுகளுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போய், மழை தொடங்கும்போது கூடு கட்டும்.

ஐப்பசியில் வந்து இறங்கும்போது களைத்து, வெளிச்சத்தில் மிரண்டு, வீட்டுக்குள் விழுவதும் உண்டு. அப்போது தீனியை வாயில் திணிக்கக் கூடாது. காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக, பூனைக்கு எட்டாமல் வைத்துத் தெளிந்ததும் புதர்ப்பக்கம் விட்டுவிடலாம். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

இந்தப் பங்குனியில் கொல்லையைக் காரை போட்டுவிடலாம் என்றார் மகன். கார் நிறுத்த இடமில்லை என்பதும் நிஜம்தான். ஜல்லி வந்து இறங்கிவிட்டது.

"இன்னும் பத்து நாள் பொறு சாமி. அது போயிறட்டும்."

"போனா திரும்பி வருமேம்மா?"

அம்மா பதில் சொல்லவில்லை. சித்திரை பிறந்து நாலாம் நாள் அந்தியில் கூப்பிடும் சத்தம் இல்லை. மறுவாரம் கொத்தனார் வந்தார். முன்பக்கம் முழுக்கக் காரை போட்டார். மாமரத்தைச் சுற்றி எட்டடி மண்ணை விடச் சொன்னது மகன்தான். அங்கே கார் முழுசாக நிற்காது, பின்பாதி தெருவில் நீட்டிக்கொண்டிருக்கிறது.