துணுக்குத் தோலில் ஒரு பெருநாள் வாழ்த்து

 

ஷஅபான் மாதத்துப் பிறை தென்பட்டுவிட்டால் போதும். நம் இல்லங்களில் சுவருக்கு வெள்ளையடிப்பதும், பாய்களைத் துவைத்து உலர்த்துவதும், கஞ்சிக்கு அரிசி உடைத்து வைப்பதும் தொடங்கிவிடும். இப்போது அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கடைகளில் பிறையும் நட்சத்திரமுமாக மின்விளக்குச் சரங்கள், மினுமினுக்கும் பிளாஸ்டிக் தோரணங்கள், பெருநாள் வாழ்த்து அச்சிட்ட பதாகைகள் தொங்குகின்றன. பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். வாங்கிக் கொடுக்கிறோம். பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் அவை குப்பைத் தொட்டியில் கிடக்கின்றன.

இதையெல்லாம் வீட்டிலேயே, ஏறக்குறையச் செலவில்லாமல் செய்துகொள்ளலாம் என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை. ஆனால் அதற்கு முன், நான் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். அது நேராதிருந்தால் இந்தக் கைவேலைகளில் ஒன்றையும் நான் கற்றிருக்க மாட்டேன்.

ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பு, ஆம்பூரில் மாலை நேர மக்தபில் ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். ரமளானுக்குச் சில நாட்களே இருந்தன. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு வாழ்த்து அட்டையைக் கொண்டுவந்து இரு கைகளாலும் என்னிடம் நீட்டினாள். செருப்புப் பெட்டியின் மூடியை வெட்டி எடுத்த அட்டை. அதன் மேல் பச்சையும் சிவப்புமான தோல் துணுக்குகளை ஒட்டி ஒரு கிளி செய்திருந்தாள். சிறகுக்கு மட்டும் துணுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாள். கீழே கோணல் எழுத்தில் 'ஹஜ்ரத்துக்கு' என்று எழுதியிருந்தது.

நான் அதைக் கிழிக்கவில்லை. கிழித்திருந்தால்கூட அவளுக்கு நோவு குறைந்திருக்குமோ என்னவோ. அட்டையைத் தூக்கிப் பிடித்து, மற்றப் பிள்ளைகள் அனைவருக்கும் காட்டி, உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்வோருக்கு மறுமையில் என்ன நேரும் என்பதை விளக்கினேன். அன்றைய பாடமே அதுவாகிவிட்டது. நான் சொன்ன ஹதீஸ்களில் ஒன்றும் தவறில்லை. சொன்ன இடமும் சொன்ன முறையுமே தவறு. அந்தச் சிறுமி தலையைக் குனிந்தபடி அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த நான்கு நாட்கள் ஓத வரவில்லை.

ஐந்தாம் நாள் அவளுடைய தாயார் மக்தபின் வாசலில் வந்து நின்றார். நம் பகுதியில் ஆயிரக்கணக்கான தாய்மார்கள் செய்வதைப் போலவே அவரும் ஷூவின் மேற்பாகத்தை வீட்டில் வைத்துக் கையால் தைத்துக் கொடுப்பவர். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"ஹஜ்ரத், நீங்கள் சொன்னது மார்க்கம். அதில் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நான் தைக்கும்போது மடியிலிருந்து விழுந்த துணுக்குகளைப் பொறுக்கி மூன்று நாள் அதைச் செய்தாள். அன்றைக்கு வந்ததும் அடுப்பில் போட்டுவிட்டாள். அது தப்பு என்றால், எப்படிச் செய்தால் தப்பில்லை என்றும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

என்னிடம் மறுமொழி இல்லை. "நாளைக்கு அனுப்புங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

அன்றிரவு தொழுகைக்குப் பின் கிதாபுகளைப் புரட்டினேன். புதிதாக ஒன்றையும் காணவில்லை. ஓதிய காலத்திலேயே படித்தவைதாம். ஆனால் அன்று அவை வேறு விதமாகப் பட்டன. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒருவர் வந்து, கைத்தொழிலே தம் பிழைப்பு என்றும், தாம் உருவங்களைச் செய்து வருவதாகவும் கூறுகிறார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இப்னு அப்பாஸ் (ரலி) எடுத்துச் சொல்கிறார்கள். வந்தவரின் முகம் வெளிறிப் போகிறது. உடனே, செய்துதான் ஆக வேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்துகொள்ளுமாறு வழிகாட்டுகிறார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. நான் முதற்பாதியை மட்டும் பிள்ளைகளிடம் சொன்னேன். முகம் வெளிறியதை என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்தும் பிற்பாதிக்குப் போகவில்லை.

அபூதாவூதில் உள்ள இன்னொரு செய்தி என்னை மேலும் கூசச் செய்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே ஒரு குதிரை இருந்தது. துண்டுத் துணுக்குகளால் அதற்கு இரண்டு சிறகுகள். குதிரைக்குச் சிறகா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்கிறார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததாகத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்க, பெருமானார் (ஸல்) கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்களாம். சிறுவர் பொம்மை குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே விரிக்கப் போவதில்லை. துணுக்குச் சிறகைக் கண்டு அவர்கள் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. என் கவலை அதுதான்.

மறுநாள் அந்தச் சிறுமி வந்தாள். பிள்ளைகள் முன்னிலையில் சொன்னதைப் பிள்ளைகள் முன்னிலையிலேயே சரிசெய்தேன். பிறகு, உயிருருவம் இல்லாமல் என்னவெல்லாம் செய்யலாம் என்று அவர்களோடு சேர்ந்து தேடத் தொடங்கினேன். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன் நான். கத்தரிக்கோல் பிடித்துப் பழக்கமில்லை. அதனால் இதில் பிள்ளைகளே உஸ்தாத், நான் மாணவன்.

முதலில் நட்சத்திரம். ஒரே அளவில் இரண்டு சதுரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 6 சென்டிமீட்டர் போதும். ஒன்றை நேராக வைத்து, மற்றொன்றை அதன்மேல் மூலைவாட்டில் திருப்பி ஒட்டினால் எட்டு முனை நட்சத்திரம் வந்துவிடும். மதீனாவில் அச்சாகும் குர்ஆன் பிரதிகளில் கால் ஹிஸ்பு தொடங்கும் இடத்தைக் காட்டும் குறி இதே வடிவந்தான். பிள்ளைகளிடம் முஸ்ஹபைத் திறந்து காட்டியபோது, "இது நம் நட்சத்திரம்!" என்று கூவினார்கள். அவ்வாண்டு அந்தக் குறியைத் தேடுவதற்காகவே சிலர் கூடுதலாக ஓதினார்கள் என்றால் நம்புவீர்களா? பத்து நட்சத்திரங்களை நூலில் கோத்தால் ஒரு தோரணம். நடுவில் ஒரு வட்டத்தை ஒட்டி அட்டையில் பதித்தால் வாழ்த்து மடல்.

தோலைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். அது நம் ஊரின் பொருள். தோலின் மெருகான புறத்தில் பசை பிடிக்காது. ஒட்ட வேண்டிய இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக் கொள்ளுங்கள். தடித்த தோலைப் பெரியவர்கள் வெட்டிக் கொடுங்கள். தொழிற்சாலைகளில் பயன்படும் சொலூஷனைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. அதன் ஆவி தலைச்சுற்றலைத் தரும், நாள்பட்டால் நரம்புகளையும் கெடுக்கும். தோலுக்கு ஃபெவிகால் போதும். காகித வேலைக்கு மைதாப் பசையே சிறந்தது. இரண்டு கரண்டி மைதாவை ஒரு குவளைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போல ஆகும்வரை இளந்தீயில் கிளறி இறக்கினால் இரண்டு நாளைக்கு வரும். பூச்சி அரிக்காதிருக்கச் சிலர் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

இன்னொரு செய்தி. தோல் துணுக்குகளை அடுப்பில் எரிக்காதீர்கள். குரோமியத்தால் பதனிட்ட தோலை எரிக்கும்போது அந்தக் குரோமியம் கொடிய நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும். அந்தச் சிறுமி அட்டையை அடுப்பில் போட்டாள் என்று கேட்டபோது இது எனக்குத் தெரியாது. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

தோல் சுத்தமானதுதானா என்று சில சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். பதனிடுவதால் தோல் தூய்மையடைகிறது என்பது நபிமொழி. அன்னை மைமூனா (ரலி) அவர்கள் விடுவித்த பெண்ணுக்குத் தருமமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்ததைக் கண்டு, அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று பெருமானார் (ஸல்) கேட்ட செய்தியும் பெரும்பாலோர் அறிந்ததே. பன்றித் தோல் மட்டும் விலக்கு. ஷூவின் உட்புறத்துக்கு அதைப் பயன்படுத்துவோரும் உண்டு என்பதால், துணுக்குகளை வாங்கும்போது கேட்டுவிடுங்கள். உற்றுப் பார்த்தால் நீங்களே கண்டுகொள்ளவும் இயலும். அதன் மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து முக்கோணம் போல் அமைந்திருக்கும்.

பிள்ளைகளை வியப்பில் ஆழ்த்திய வேலை ஒன்று உண்டு. துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் சில நாட்கள் ஊறவைத்து வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீரைத் தூரிகையால் தொட்டு, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட தோலின் மேல் கொடியோ இலையோ வரையுங்கள். வரைய வரையக் கோடு கறுத்துக்கொண்டே வரும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு; பழங்காலத்துக் கடுக்காய் மையின் இரகசியமும் இதுதான். குரோம் தோலில் இது பலிக்காது. கையிலிருப்பது எந்தத் தோல் என்று அறிய இதுவே ஒரு சோதனையும் ஆயிற்று.

செருப்புப் பெட்டிகளையும் எறிந்துவிடாதீர்கள். பக்கங்களில் எட்டு முனை வடிவங்களை வெட்டி நீக்கி, பெட்டிக்குள் சுற்றி வரும் மெல்லிய தாளை உட்புறம் ஒட்டி, உள்ளே சிறு பேட்டரி விளக்கை வைத்தால் அழகிய விளக்குக் கூடு. எகிப்தில் ரமளான் வந்தால் 'ஃபானூஸ்' என்னும் விளக்கைப் பிள்ளைகள் கையில் ஏந்தித் திரிவார்கள். இது நம் ஆம்பூர் ஃபானூஸ்! மெழுகுவர்த்தி மட்டும் வைக்க வேண்டாம்.

காட்பாடியை அடுத்த கரிகிரியின் மெருகிட்ட மண்பாண்டங்களைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பீர்கள். அந்த நேர்த்தி நமக்கு வராது. ஆனால் சாதாரணப் பூந்தொட்டியை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுத்து, காய்ந்தபின் கொடியும் பூவும் தீட்டி வார்னிஷ் பூசினால் வாசலுக்கு அழகாக இருக்கும். தண்ணீர்ப் பானையில் தீட்டாதீர்கள். துளைகள் அடைபட்டால் தண்ணீர் குளிராது.

பருவத்தையும் பார்க்க வேண்டும். நம் மாதங்கள் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாட்கள் முன்னகர்பவை. இப்போது பிப்ரவரியை ஒட்டி வரும் ரமளான், 2030இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் மற்றொன்றுமாக ஒரே ஆண்டில் இருமுறை தொடங்கும். மழைக் காலத்தை நோக்கி நகர நகரக் காகிதத் தோரணம் நமுத்துத் தொங்கும். தோல் அவ்வாறு தொங்காது.

ஒரு வேண்டுகோள். இவற்றில் இறைவசனங்களை எழுதாதீர்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் பசை விட்டுக் கீழே விழும், துடைப்பம் படும், குப்பையோடு போகும். பெருநாள் வாழ்த்து என்ற சொற்களே போதும். தோரணம் கட்டுவது வணக்கமும் அன்று. கட்டாதவர் வீட்டில் பரக்கத் குறைந்துவிடாது.

பாலாற்றங்கரையில் குவியும் தோல் கழிவை நாலு நட்சத்திரம் செய்து தீர்த்துவிட முடியுமா என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். முடியாதுதான். 1996இல் உச்ச நீதிமன்றம் நம் தோல் பதனிடும் ஆலைகளின் மாசு குறித்துத் தீர்ப்பளித்த பிறகும் அந்த வழக்கின் கவலை ஓயவில்லை. நான் அந்தக் கணக்கில் இதைச் செய்யவில்லை. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தம் கையால் தோல் பதனிட்டு, தைத்து, வந்த வருவாயைத் தருமம் செய்தவர்கள். உங்களில் நீண்ட கையுடையவரே என்னை முதலில் வந்தடைவார் என்று பெருமானார் (ஸல்) கூறியபோது மனைவியர் தம் கைகளை அளந்து பார்த்தார்களாம். குள்ளமான ஸைனப் (ரலி) அவர்களே முதலில், ஹிஜ்ரி 20இல் மறைந்தபோதுதான் நீண்ட கை எது என்று விளங்கிற்று. தோல் தைக்கும் தாய்மார்கள் நிறைந்த ஊரின் மக்தபில் இந்தச் செய்தியை நான் அதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவ்வாண்டு சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "எங்கள் அம்மாவும் தைக்கிறார்கள் ஹஜ்ரத்" என்றான். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். அவள் சொல்லவில்லை.

எல்லாரும் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் பல நாட்கள் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். நான் வற்புறுத்தவில்லை. பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் ஒரே ஒரு பச்சை நட்சத்திரத்தைச் செய்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஏழு முனைகள் நேராக இருந்தன. எட்டாவது முனை மட்டும் சற்றே வளைந்து, கிளி மூக்குப் போல இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். அந்த நட்சத்திரம் மக்தபின் வாசல் நிலைக்கு மேலே தொங்குகிறது. ஒவ்வொரு ஷஅபானிலும் தூசு தட்டும்போது, அந்த முனை ஒடிந்துவிடாமல் நானே இறக்கித் துடைத்து மாட்டுகிறேன்.