மனு எழுதிய மேசை

2017 நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். கடலோரம் நடந்துபோன இயேசு, வலை வீசிக்கொண்டிருந்த அண்ணன் தம்பிகளைக் கூப்பிட்டார்; அவர்கள் வலையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போனார்கள். ஆண்டுதோறும் அன்றைக்கு லத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கக் கோயில்களில் வாசிக்கும் நற்செய்தி அதுதான். எங்கள் ஊர்க் காலைப் பூசையிலும் அதைத்தான் வாசித்தார்கள். கரண்ட் இல்லை, மைக் இல்லை. பக்கத்துக் கொட்டகையின் தகரம் அடித்துக்கொண்ட சத்தத்தில், வாசித்தவருக்கே தன் குரல் கேட்டிருக்காது. கோயிலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்களில் பாதிப் பேர் கடலில்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். பெயர் சொல்லப்போவதில்லை, சொன்னால் ஆள் தெரிந்துவிடும். இந்தப் பக்கத்தில் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள் பலரும் கொச்சி தோப்பும்படி துறைமுகத்திலிருந்து படகு ஏறுவார்கள். கரை திரும்ப இரண்டு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். படகிலிருக்கும் வயர்லெஸ் கொஞ்ச தூரத்துக்கு மேல் எட்டாது. 29ஆம் தேதி வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றார்கள். மறுநாள் அது ஓகிப் புயல் ஆகியிருந்தது. குமரிமுனைக்குத் தெற்கே சுழன்று, லட்சத்தீவை நோக்கி, எங்கள் ஆட்கள் தொழில் செய்யும் அதே கடல் வழியாகப் போனது. கரையில் முருங்கையும் வாழையும் ரப்பரும் விழுந்ததைத்தான் முதல் இரண்டு நாள் டிவியில் காட்டினார்கள்.

நான் அப்போது ப்ளஸ் டூ. அடுத்த மே மாதம் எங்கள் ஊர் கன்னியர் மடத்து சிஸ்டர் ஒருவரோடு அவர்கள் சபையின் அழைத்தல் முகாமுக்குப் போவது, பிடித்திருந்தால் அங்கேயே சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அம்மாவுக்கு அரை மனது. அப்பாவிடம், கடலிலிருந்து வந்ததும் சொல்வதாக இருந்தேன்.

டிசம்பர் 1 மாலையில் பங்குத்தந்தை பங்கு மண்டபத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தார். ஊரில் யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரியவில்லை. பல படகுகள் கேரளப் பதிவு, ஏறினது கேரளத் துறைமுகம், ஆட்கள் தமிழ்நாடு. இந்த மாநிலத்துப் பட்டியல் அந்த மாநிலத்துப் பட்டியலோடு ஒத்துப்போகாது. எங்களிடம் இருந்ததோ கோயிலின் குடும்பப் பதிவேடு. சாமி அதை எடுத்து வைத்துக்கொண்டு, வீடு வீடாக ஆளனுப்பிக் கேட்டார். என்னைப் பார்த்ததும், "மக்களே, உனக்கு நல்ல கையெழுத்து. வா, உட்காரு" என்றார். பெயர், தகப்பன் பெயர், படகின் பெயர், எந்தத் துறையில் ஏறினார், கடைசியாக யாரிடம் பேசினார். எல்லாக் கட்டத்தையும் நிரப்பாமல் அடுத்த ஆளுக்குப் போகக் கூடாது என்பது அவர் சட்டம். பின்னாளில் அதிகாரிகள் கையில் வைத்துக்கொண்டு அலைந்த தாள்களை விட எங்கள் தாள்கள்தான் சரியாக இருந்தன.

எங்கள் தெரு அக்கா ஒருத்தி, கைக்குழந்தையோடு, மேசைப் பக்கம் வரவே மாட்டேன் என்று வாசலில் நின்றாள். "அவிய வருவாவ. நீ பேரை எழுதாத" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். சாமி எழுந்து போய்த் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எழுதி வைப்போம். அவன் வந்தான்னா நானே என் கையால அடிச்சுக் கழிக்கேன்" என்றார். அவள் பெயரைச் சொன்னாள். நான் எழுதினேன். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறேன். ஒன்றும் அதற்குச் சமமில்லை.

3ஆம் தேதி திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. விழித்திருங்கள், வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரோ நள்ளிரவில் வருவாரோ தெரியாது என்று மாற்கு எழுதிய பகுதி வாசகமாக வந்தது. ஊரில் யாரும் தூங்கி நாளாகியிருந்தது. சாமியால் மறையுரை சொல்ல முடியவில்லை, சும்மா நின்றார். அன்று மத்தியானம்தான் அப்பா மகாராஷ்டிரத்தில் தேவ்கட் துறைமுகத்தில் இருக்கிறார் என்று ஃபோன் வந்தது. காற்று அடித்துக்கொண்டுபோன படகுகள் பல அங்கேதான் ஒதுங்கியிருந்தன. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டில் இன்னும் ஃபோன் வரவில்லை. சந்தோஷத்தைத் தெருவில் காட்ட முடியாது.

7ஆம் தேதி குழித்துறை. கடலோர ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் நடந்து போய் ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். காணாமல் போனவர்களைத் தேடு, தேசியப் பேரிடர் என்று அறிவி என்பவை கோரிக்கைகள். அங்கி போட்ட சாமியார்கள் முன்வரிசையில். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே ரயில்கள் நின்றன. ஒரு போலீஸ் அதிகாரி எங்கள் சாமியிடம் பெண்களையாவது அனுப்பிவிடுங்கள் என்றார். "இவங்க வீட்டு ஆம்பிளைங்கள நீங்க கூட்டிட்டு வாங்க, நான் இவங்களக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் சாமி. அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். பயந்துகொண்டே ஒரு மனிதர் இப்படிப் பேச முடியும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. இருட்டிய பிறகும் ஜெபமாலை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குப் போட்டார்கள். 12ஆம் தேதி முதலமைச்சர் பழனிசாமி குமரிக்கு வந்தார். இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாயும் ஒருவருக்கு அரசு வேலையும் என்றார். 19ஆம் தேதி பிரதமர் வந்தார்.

ஆனால் இறந்தவர் என்று யாரைச் சொல்வது? உடல் கிடைக்காவிட்டால், ஏழு வருஷம் தகவல் இல்லாத ஆளைத்தான் இறந்தவராகக் கருதலாம் என்றது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. கேரளக் கரைகளில் ஒதுங்கிய உடல்களுக்கு டி.என்.ஏ. சோதனை எடுத்தார்கள். ஒதுங்காதவர்களுக்காக அந்த ஏழு வருஷத்தைத் தளர்த்தச் செய்ய வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் நானும் சாமியும் அதே மேசையில் மனு மனுவாக எழுதினோம். ஒவ்வொரு மனுவோடும் அவருடைய கடிதம் போகும்.

அந்தக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குமரிக் கடற்கரை ஊர்களை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியாது. எங்கள் கரையில் கோயில்தான் பஞ்சாயத்து. கரைக்கு வரும் மீனில் கோயிலுக்கு ஒரு பங்கைக் குத்தகையாகக் கொடுத்துப் பழகிய ஊர்கள் இவை. எல்லைச் சண்டையும் குடும்பச் சண்டையும் முதலில் கோயில் கமிட்டிக்குத்தான் வரும். பள்ளிச் சேர்க்கை, திருமணம், வெளிநாட்டு வேலை எதுவானாலும் பங்குத்தந்தையின் கடிதம் வேண்டும். புயல் நேரத்தில் ஊரையே ஒரு மணி நேரத்தில் தண்டவாளத்துக்குக் கொண்டுபோகும் பலம் அதே கடிதத்திலிருந்துதான் வந்தது.

2018இல் இறந்தவர் குடும்பங்களுக்குப் பணம் வந்தது. கொஞ்ச நாளில் கோயில் கட்டுமானப் பேச்சும் வந்தது. அந்தக் குடும்பங்கள் மனமுவந்து ஒரு தொகை கொடுத்தால் ஆண்டவர் நினைவில் நிற்கும் என்று சாமி பூசையில் சொன்னார். மனமுவந்து என்றாலும் கொடுத்தவர்கள் பெயரை ஞாயிறுதோறும் வாசித்தார்கள். யார் பெயர் வரவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அந்த அக்கா கொடுக்கவில்லை. படகுக்கு வாங்கிய கடன் இருந்தது, வட்டி இருந்தது, மாமியார் ஒரு பக்கம் பங்கு கேட்டாள். ஜூன் மாதம் மூத்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கடிதம் கேட்டு வந்தாள். சாமி நிமிர்ந்து பார்க்காமல், "கணக்கு முடிச்சிட்டு வரச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார். அவள் இரண்டடி தூரத்தில்தான் நின்றாள். தரையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்த அதே ஆள்.

அவர் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய் தொட்டார் என்று நான் சொல்லவில்லை. அப்படி நினைக்கவும் இல்லை. கோயில் எழும்பியது. ஆனால் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று ஊரில் யாரும் பார்த்ததில்லை. கேட்ட இளைஞர் இயக்கப் பையன்களிடம், கோயில் காரியத்தில் சந்தேகப்படுவது பாவம் என்றார்.

சிஸ்டரிடம் போனேன். எனக்கு வேதாகமம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர், எங்கள் வீட்டில் கரண்ட் இல்லாத இரவுகளில் மடத்து வராண்டாவில் உட்கார்ந்து படிக்க இடம் கொடுத்தவர். எல்லாம் கேட்டார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "சாமி இந்த ஊருக்கு எவ்வளவு செஞ்சிருக்காங்க, யோசிச்சுப் பாரு. பேதுரு மூணு தரம் மறுதலிக்கலையா? அவர் மேலதானே திருச்சபையக் கட்டினார்? நீ செபம் பண்ணு" என்றார். சாமியின் கோபத்தை விட சிஸ்டரின் இந்தச் சமாதானம்தான் என்னை அதிகம் உலுக்கியது. சாமியைப் போல ஆக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. இவரைப் போல ஆகத்தான் நினைத்திருந்தேன். சபையில் சேர்ந்தால் இருபது வருஷம் கழித்து ஒரு பெண்ணிடம் இதே வராண்டாவில் இதையே சொல்லிக்கொண்டிருப்பேனோ என்று பட்டது. மே மாத முகாம் அதற்கு முன்பே தேர்வுக் குழப்பத்தில் தள்ளிப்போயிருந்தது. அடுத்த முகாமுக்கு அழைப்பு வந்தபோது நான் பதில் போடவில்லை.

பேதுருவைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்தேன். நம் ஆட்களின் குறையைப் பேச ஆரம்பித்தாலே எல்லாரும் அவரைத்தான் கேடயமாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மாற்கு தன் நற்செய்தியைப் பேதுருவிடம் கேட்டு எழுதினார் என்பது பழைய மரபு. அப்படியானால் முற்றத்து நெருப்பருகில் ஒரு வேலைக்காரப் பெண்ணின் முன்னால் தான் பயந்து பொய் சொன்னதை, சேவல் கூவியதை, அழுததை அவரே சொல்லி எழுதவைத்திருக்கிறார். திருச்சபையின் முதல் தலைவர் தன் கேவலத்தைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டுத்தான் போனார். சிஸ்டர் சொன்ன கதையில் இந்தப் பாதி இல்லை.

சட்டம் படித்தேன். 108ஆம் பிரிவுதான் காரணம் என்று வீட்டில் சொன்னேன், பாதி உண்மை. கல்லூரியில் ஒருநாள் நூலகத்தில் திருச்சபைச் சட்டத் தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 537ஆம் விதி கண்ணில் பட்டது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு ஒன்று இருக்க வேண்டும் என்கிறது அது. இருக்கலாம் என்று இல்லை, இருக்க வேண்டும் என்று. எங்கள் ஊரில் பேருக்கு இருந்திருக்கலாம். யார் அதில் இருந்தார்கள் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் கோயிலுக்குப் போகிறாய் என்று கல்லூரித் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இது. 1544இல் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதினார். அவர் மந்திரங்களைத் தமிழில் மனப்பாடம் செய்யவைத்து, ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு வேறு கடல் தாண்டிப் போய்விட்டார். அவருக்குப் பிறகு அவற்றைச் சொல்லிக்கொண்டே வந்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். எனக்கு அவை பாட்டி வாயிலிருந்து வந்தன. எந்தச் சாமியும் கொடுக்காததை ஒரு சாமிக்காக விட வேண்டுமா? தோழிக்கு இந்தப் பதில் போதவில்லை. சில நாட்களில் எனக்கும் போதாது. புயலில் தூங்கிய இயேசுவைச் சீடர்கள் எழுப்பியதும் காற்று அடங்கியது என்று இருக்கிறது; எங்கள் ஆட்கள் எழுப்பியிருக்க மாட்டார்களா? இதற்கு யாராவது சுலபமாகப் பதில் சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன்.

சாமிக்கு மாற்றல் வந்தபோது ஊரே அழுதது. அக்காவும் அழுதாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஏன் என்று கேட்டேன்.

"அவரு இல்லேன்னா எங்க வீட்டு ஆளு பேரு லிஸ்டுல வந்திருக்குமா? அதுக்கு அழுதேன்."

"அந்தக் கடுதாசி?"

"அது வேற" என்றாள். "அத மன்னிக்கல."

எனக்கு அவளுடைய இந்த இரட்டைக் கணக்கு பிடித்திருக்கிறது. நல்லதையும் கெட்டதையும் கூட்டிக் கழித்து, மொத்தத்தில் நல்லவர்தான் என்று ஒரு வரியில் முடிக்க அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் இன்றுவரை அவரைப் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்கிறேன். சிஸ்டரிடமிருந்து கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வரும், பதில் போடுவேன். ஜூனியராகக் குழித்துறை நீதிமன்றத்துக்குப் போய்வருகிறேன். வீட்டில் கல்யாணப் பேச்சு. அம்மா இப்போது, நீ மடத்துக்கே போயிருக்கலாம் என்கிறாள். அந்தக் கதவை நான் சாத்திவிடவில்லை. திறந்து பார்க்க அவசரமும் இல்லை.

போன மாதம் இப்போதைய பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டனுப்பினார். சின்ன வயசுக்காரர், கேட்டுக்கொள்பவர். நிதிக்குழுவில் சேர முடியுமா என்றார். சேர்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவுசெலவைக் கோயில் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும், 2018 முதல் உள்ள கட்டுமானக் கணக்கையும் சேர்த்து, என்றேன். கமிட்டியில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.