வலது தோள் முந்தானை

அண்ணன் மகள் பதினொன்றாம் வகுப்பில் ‘கிராஃபிக்ஸ்’ எடுத்திருக்கிறாள் என்றதும் ஏதோ கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்றுதான் நினைத்தேன். “ஐயோ சித்தப்பா, அது அச்சு ஓவியம். சனிக்கிழமை வந்து பாருங்க, மாஸ்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்” என்றாள். சி.பி.எஸ்.இ.யில் பெயிண்டிங் போலவே இதுவும் ஒரு தனிப் பாடமாம். எழுத்துத் தேர்வுக்கு 30, செய்முறைக்கு 70.

பள்ளி மொட்டை மாடியில் வடகம் காயவைத்த மாதிரி லினோலியத் துண்டுகள் பரப்பியிருந்தன. ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணிமேல் படியவைத்த பலகை அது. வெயிலில் இளகினால்தான் உளி வழுக்காமல் ஓடும். “சென்னை வெயிலால யாருக்காவது லாபம்னா அது எங்களுக்குத்தான் சார்” என்றார் மாஸ்டர். அவருடைய நகக்கண்களில் மை குடியேறியிருந்தது. படித்தது 1850இல் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரியில். பிறகு சினிமா பேனர் வரைந்திருக்கிறார். ஃபிளெக்ஸ் வந்தது, சாரம் ஏறும் வேலை போனது. அதன்பின் பள்ளிக்கூடம்.

சுவரில் நந்தலால் போஸ் 1930இல் செதுக்கிய காந்தியின் படம். கறுப்புக்குள் வெள்ளைக் கோடுகளாகக் கைத்தடியுடன் நடக்கிறார். மாஸ்டர் அதைக் காட்டி, “வெட்டினது வெள்ளை, விட்டது கறுப்பு. பாடம் அவ்வளவுதான்” என்றார். பிடித்திருக்கும் கையை நோக்கி உளியைத் தள்ளக் கூடாது என்பது அடுத்த பாடம். அதைக் கற்றதற்கு அடையாளமாக இரண்டு விரல்களில் பிளாஸ்திரி.

கண்ணாடித் தகட்டில் மையை உருளையால் தேய்த்தார்கள். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் சரசரவென்று சத்தம் வந்தால் மை பதம். பலகையில் மை ஏற்றி, தாளைப் போட்டு, மரக் கரண்டியின் முதுகால் தேய்த்து, நுனியைப் பிடித்து உரித்தால் படம். இரண்டாவது வண்ணத்துக்குத் தாளை இம்மி பிசகாமல் பொருத்தும் கணக்கையும் சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புக்காரர்கள் கிருஷ்ணா ரெட்டியின் ‘நீர்ச்சுழி’ பற்றி உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். சித்தூர்ப் பக்கத்துக்காரர், கலாக்ஷேத்ராவில் கற்பித்தவர். மைகளின் பிசுக்கைக் கூட்டிக் குறைத்து, ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஒரே இழுப்பில் எடுத்த மனிதர். அதைச் செய்துபார்க்கத் தேவையான அச்சுப் பொறி இங்கே இல்லை. பிள்ளைகள் அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறார்கள்.

அதைவிடக் கோபம் வந்தது மாஸ்டர் சொன்ன இன்னொன்றைக் கேட்டு. பரீட்சை நெருங்கினால் செய்முறை ஃபோல்டரை மொத்தமாக வரைந்து விற்க ஆள் இருக்கிறது. வாங்கப் பெற்றோர் இருக்கிறார்கள். இரவெல்லாம் வரைகிறவனுக்குக் கிடைப்பது சொற்பம், கைமாற்றி விடுகிறவனுக்குத்தான் பங்கு. வரைந்த கைக்குப் பெயர் இல்லை, பெயர் போட்ட கைக்கு வரையத் தெரியாது. பிள்ளைக்குப் பதிலாக ஆள் வைத்துச் சாப்பிடச் சொல்வார்களா இவர்கள்? “அந்த ஃபோல்டரைப் பார்த்தாலே தெரிஞ்சிடும் சார். ஒரு தப்புகூட இருக்காது” என்றார்.

எங்கள் பெண்ணின் பலகையில் தப்பு இருந்தது. பாட்டியைப் பார்த்தபடியே செதுக்கியிருக்கிறாள். அச்சில் இடம் வலமாகி, முந்தானை வலது தோளில் ஏறிவிட்டது. தாளைக் கசக்கப் போனவளை மாஸ்டர் தடுத்தார். “எடுத்தது எட்டுப் பிரதி. பென்சிலால ஒன்றின் கீழ் எட்டுன்னு போட்டு, கையெழுத்துப் போடும்மா.”

அன்று மாலை அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினோம். முந்தானை விஷயத்தை நாங்கள் வாய் திறக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

“நிலைக்கண்ணாடியில தெரியிற மாதிரியே இருக்கேன்டி. இதுல என்ன தப்பு கண்டே, மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கே?”