ஒரு தாழ்ப்பாள் விவகாரம்

லாக்கர் என்றதும் உங்கள் மனம் பாங்கியை நோக்கி ஓடுகிறதல்லவா? வைரத் தோடும் அட்டிகையும் கண் முன்னே வந்து நிற்கும். நான் சொல்லப் போகும் லாக்கரில் நகை நட்டு எதுவும் கிடையாது. ஈரக் கயிறு, நங்கூரம், ஒரு கைப் பம்பு, பழைய வாளி, இவ்வளவுதான் சொத்து. இருந்தாலும், பாங்கி லாக்கரைவிட இதன் தாழ்ப்பாள்தான் முக்கியம் என்று சொன்னால் நம்புவீர்களோ, என்னவோ!

இங்கிலாந்தின் தென்கரையில், சவுதாம்ப்டன் நகரில் என் அக்கா குடியிருக்கிறாள். அத்தானுக்கு வாரம் ஐந்து நாள் ஆபீஸ். மீதி இரண்டு நாள் படகு. 22 அடி நீளப் பாய்மரப் படகு. 1970-களில் கண்ணாடி இழையில் வார்த்தது. காற்றடித்தால் பாயால் போகும். அடிக்காவிட்டால் அத்தானின் பெருமூச்சால் போகும் என்பாள் அக்கா. கோடை லீவில் நான் போயிருந்தபோது, அந்தப் படகின் லாக்கர் மூடிகளுக்குப் புதுக் கீலும் தாழ்ப்பாளும் பொருத்தும் வேலை நடந்து கொண்டிருந்தது.

படகின் பின்பக்கம் சுக்கான் பிடிப்பவர் உட்காருவதற்கு ஒரு பள்ளம் உண்டு. அதைக் 'காக்பிட்' என்கிறார்கள். இரு பக்கமும் பெஞ்சு மாதிரி ஆசனம். அந்த ஆசனத்தைத் தூக்கினால் அடியில் லாக்கர். நம் வீட்டுப் பெட்டி பெஞ்சைப் போலத்தான். ஆனால் ஒரு வித்தியாசம். பல படகுகளில் இந்த லாக்கர் அப்படியே படகின் வயிறு வரைக்கும் திறந்து கிடக்கும். பெருங்காற்றில் படகு ஒரு பக்கமாகச் சாயும்போது மூடி திறந்து கொண்டதோ, கடல் நேரே உள்ளே வந்துவிடும். ஒரு கன மீட்டர் கடல் நீரின் எடை ஒரு டன்னுக்கும் மேல். ஒரு சின்னப் படகு எத்தனை டன்னைத் தாங்கும்?

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1979 ஆகஸ்டில் நடந்த பாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. நடுவழியில் புயல் பிடித்துக் கொண்டது. பந்தயத்தில் கலந்து கொண்டவர்களில் 15 பேர் மாண்டார்கள். ஐந்து படகுகள் மூழ்கின. குடை சாய்ந்த படகுகளில் அறை வாசலை அடைக்கும் பலகைகள் கழன்று விழுந்ததைப் பிற்பாடு நடந்த விசாரணை எடுத்துக் காட்டியது. படகு தலைகீழாகக் கவிழ்ந்தாலும் மேல்தட்டு வாசல்களின் மூடிகள் திறந்து கொள்ளக் கூடாது என்று இன்றைய பந்தய விதிகள் கட்டாயப்படுத்துகின்றன.

எனவே அத்தான் சிரத்தையாகத்தான் வேலை செய்தார். கீல்கள் எல்லாம் எவர்சில்வர். அதிலும் ஜாதி பேதம் இருக்கிறது, கேளுங்கள்! நல்ல பாத்திரங்களின் அடியில் 18-8 என்று முத்திரை பார்த்திருப்பீர்கள். 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். சமையலறைக்கு அது ராஜா. உப்புக் காற்றிலோ அதன் மேலும் பழுப்புப் புள்ளி விழும். இரண்டு மூன்று பங்கு மாலிப்டினமும் சேர்ந்த 316 என்ற ரகம்தான் கடலுக்கு ஏற்றது. பித்தளைத் திருகாணி போட்டால், உப்பு நீர் அதிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிட்டு, செம்பு நிறத்தில் பொறை மாதிரி ஒன்றை மிச்சம் வைக்கும்.

மூடியோ மெல்லியது, திருகாணிக்குப் பிடிப்பு இல்லை. ஆகையால் துளையை முழுக்கப் போட்டு, போல்ட்டைச் செருகி, அடியில் ஒரு தகடு வைத்து நட்டு முடுக்க வேண்டும். துளையைச் சுற்றி நீர் புகாத பசை. மூடியின் விளிம்பில் ரப்பர்ப் பட்டி. காற்றில் மூடி படாரென்று கை விரல் மேல் விழாதிருக்க ஒரு கயிறு. எல்லாம் பிரமாதம்தான்!

கடைசியில் தாழ்ப்பாளுக்கு வந்தார். வில் வைத்த தாழ்ப்பாள். மூடியைப் போட்டால் தானே 'கிளிக்'கென்று பூட்டிக் கொள்ளும். வெளியிலிருந்துதான் திறக்கலாம். அதை எடுத்து மூடியின் மேல் வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தபோது, பக்கத்து லாக்கரின் மூடி மெள்ள உயர்ந்தது. உள்ளேயிருந்து ஏழு வயதுத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது!

"சித்தி, என்னைக் கண்டுபிடிக்கவே இல்லையே!" என்றான் அக்கா பிள்ளை.

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவள் பார்வை பிள்ளை மேலிருந்து தாழ்ப்பாளுக்குப் போயிற்று.

"இது வேண்டாம்" என்றாள்.

"அலைக்கு இதுதான் பலம். நன்றாகப் பிடித்துக் கொள்ளும்" என்றார் அத்தான்.

"அதனால்தான் சொல்கிறேன். கடலை வெளியே நிறுத்துகிறது, சரி. குழந்தையை உள்ளே நிறுத்தினால்?"

அத்தான் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த தாழ்ப்பாளைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டார்.

அக்கா சொன்னது வீண் பயமல்ல. அந்தக் காலத்து ரெப்ரிஜிரேட்டர்களின் கதவு இப்படித்தான் தானே பூட்டிக் கொள்ளும். விளையாட்டாக உள்ளே புகுந்த குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதற்காகவே 1956-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. 1958 அக்டோபர் 30 முதல் அங்கே செய்யப்பட்ட குளிர்ப்பெட்டிக் கதவுகள் உள்ளிருந்தும் திறக்கும்படி இருக்க வேண்டும் என்றது அது. இன்று உங்கள் வீட்டுப் பெட்டியின் கதவைக் காந்தப் பட்டி ஒட்டிப் பிடிக்கிறதே, அது சௌகரியத்துக்காக மட்டும் வந்ததல்ல.

கடலுக்கும் காப்பு வேண்டும்; பிள்ளைக்கும் காப்பு வேண்டும். மறுநாள் கடைக்குப் போய், டிபன் காரியர் கொண்டி மாதிரி கையால் மடக்கி இறுக்கும் கொண்டிகளை வாங்கி வந்தார் அத்தான். மூடிக்கு இரண்டு. மடக்கிய பிறகு குறுக்கே ஒரு ஊசி. ஊசி தொலையாதிருக்க ஒரு நூல் கயிறு. தவறி விழுந்த மூடி தானாகப் பூட்டிக் கொள்ளாது. மனிதக் கை பூட்டினால்தான் உண்டு. அந்தக் கைக்கு அக்கா ஒரு சட்டம் போட்டாள்: கொண்டியை மடக்கும் முன்பு மூடியைத் தூக்கி உள்ளே பார்க்க வேண்டும். 'இப்பொழுதுதானே பார்த்தேன்' என்ற பேச்சே கூடாது. படகு நகருமுன் பிள்ளை கண்ணெதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.

படகு நம்மிடம் ஏது, என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் பெரிய டிரங்குப் பெட்டி இருக்கிறது. துணி துவைக்கும் யந்திரம் இருக்கிறது. கொல்லையில் தூக்கிப் போட்ட பழைய குளிர்ப்பெட்டியும் சில வீடுகளில் இருக்கிறது. அதன் கதவை இன்றைக்கே கழற்றிப் போடச் சொல்லுங்கள். குளியலறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க வழி உண்டா என்றும் பாருங்கள். தாழ்ப்பாள் வாங்கக் கடைக்குப் போனால், எவ்வளவு பலமாகப் பூட்டும் என்று கடைக்காரரே சொல்லிவிடுவார். உள்ளே அகப்பட்டவர் எப்படி வெளியே வருவார் என்பதை நாம்தான் கேட்க வேண்டும், அம்மா!