தாய்மொழி தமிழ்தானே?

2011 பிப்ரவரியில், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஒசூர் சிப்காட்டை ஒட்டிய குடியிருப்பு ஒன்று எனக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப்புற ஊர் இது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது சென்னை மாநிலத்தோடு நின்ற பகுதி. இங்கே தாய்மொழி எதுவென்று கேட்பது வெறும் கணக்கன்று.

ஒரு வாசலில் பெண்மணி ஒருவர் தம் மகனைத் தெலுங்கில் அதட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அச்சிறுவன் என் வகுப்பு மாணவன். படிவத்தை நிரப்பியவாறே, "தாய்மொழி தமிழ்தானே?" என்றேன்.

"ஆமாங்க சார், தமிழ்னே எழுதிக்கோங்க."

கூறியதைப் பதிவதே விதி. பதிந்தேன்.

அன்றிரவு படிவங்களைச் சரிபார்க்கையில் அந்த விடை உறுத்தியது. நன்னூல் வகுத்த அறுவகை வினாக்களை ஆண்டுதோறும் நடத்துபவன் நான். நான் கேட்டது எவ்வகை? அறியா வினா அன்று. தெலுங்கு என் காதில் விழுந்திருந்தது. உருவில் அது வினா. 'தானே' என்னும் ஒரு சொல்லால் உள்ளே ஏவலாகிவிட்டது. என் கையில் அரசின் படிவம். அவர் மகனின் விடைத்தாளைத் திருத்துவதும் நானே. அவர் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

1960களின் தொடக்கத்தில் தஞ்சைச் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்த சமூகவியலறிஞர் ஆந்த்ரே பெத்தேய், அங்கே அக்கிரகாரத்தில் தங்கினார். தங்கிய வீடே அவர் எந்தத் தெருவுக்குள் இயல்பாகச் சென்றுவரலாம் என்பதை வரையறுத்தது. ஆதிதிராவிடர் குடியிருப்பு அவருக்கு எளிதில் திறக்கவில்லை. 1965இல் வெளிவந்த தம் நூலில் அதை மறைக்காமல் எழுதினார். என் படிவத்திலோ விடை சொல்பவரைப் பற்றித்தான் கட்டங்கள் இருந்தன. கேட்பவனைப் பற்றி ஒன்றுமில்லை.

மறுநாள் மீண்டும் சென்றேன். இம்முறை திண்ணையில் அமர்ந்து, "சின்ன வயசுல உங்க அம்மா உங்ககிட்ட எந்த மொழியில பேசுவாங்க?" என்று கேட்டேன். தாய்மொழிக்குக் கணக்கெடுப்புக் கையேடு தரும் விளக்கமும் அதுவே. அவர் சற்றுத் தயங்கினார்.

"தெலுங்குதாங்க சார். அப்படி எழுதினா பையனுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

ஆகாது என்றேன், திருத்தி எழுதினேன். அறிந்த பிற மொழிகள் என்ற இடத்தில் தமிழையும் கன்னடத்தையும் அவரே சொன்னார். அத்தெருவின் மற்ற வீடுகளில் எத்தனை முறை 'தானே' என்று கேட்டேன் என்பது நினைவில்லை. அவ்வீடுகளுக்கு நான் திரும்பிச் செல்லவுமில்லை.