காயம் ஆறத் தாமதமானது, புதுத்தோல் முளைத்தது!

உங்கள் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து ஒருமுறை பாருங்கள். உடம்பு முழுக்கப் போர்த்தியிருக்கும் தோலில் அது ஏறத்தாழ 1 சதவிகிதம். தீக்காயத்தின் அளவை அவசரத்துக்குக் கணக்குப் போட டாக்டர்கள் பயன்படுத்தும் வழிகளில் இந்த உள்ளங்கைக் கணக்கும் ஒன்று. 10 சதவிகிதம் வெந்திருந்தால், தொடையிலிருந்து மெல்லிசாகத் தோலைச் சீவி எடுத்து ஒட்டிவிடலாம். 80 சதவிகிதம் வெந்துபோனால்? எடுத்து ஒட்டுவதற்கே தோல் மிச்சம் இருக்காது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தீக்காய அறுவை சிகிச்சை நிபுணராக இருந்த ஜான் பர்க், தினம் தினம் மோதிக்கொண்டிருந்த சுவர் இதுதான். தோல் போனால் உடம்பின் நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். கிருமிகளுக்குக் கதவு திறந்தே கிடக்கும். காயத்தை எதைக்கொண்டாவது மூடியாக வேண்டும். மூடுவதற்கு ஏதாவது செய்து கொடுக்க ஆள் தேடினார். 1970-ஐ ஒட்டிய சமயம் அது. அவருக்குக் கிடைத்தவர் டாக்டர் அல்ல, உயிரியல் படித்தவர்கூட அல்ல. எம்.ஐ.டி-யின் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் துறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அயோனிஸ் யானஸ்.

யானஸ் 1935-ல் கிரேக்க நாட்டின் ஏதென்ஸில் பிறந்தவர். ஹார்வர்டில் வேதியியல், எம்.ஐ.டி-யில் கெமிக்கல் இன்ஜினீயரிங், நடுவில் சில வருடங்கள் கம்பெனி வேலை, பிறகு பிரின்ஸ்டனில் ஆராய்ச்சிப் பட்டம். அவருடைய உலகம் பாலிமர்களின் உலகம். ஒரு பொருளை இழுத்தால் எவ்வளவு நீளும், காயவைத்தால் என்ன ஆகும் என்பவைதான் அங்கே கேள்விகள். பிரின்ஸ்டனில் ஆர்தர் டொபோல்ஸ்கியுடன் சேர்ந்து ஜெலட்டினில் ஒரு விஷயத்தைக் கண்டறிந்தார். அதிலுள்ள ஈரத்தை ஒட்ட உறிஞ்சிவிட்டால், ரசாயனம் எதுவும் சேர்க்காமலேயே அதன் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. அப்புறம் தண்ணீரில் போட்டாலும் எளிதில் கரைவதில்லை. 1967-ல் இது கட்டுரையாக வந்தது. மாத்திரை உறைக்கும் ஜெல்லி மிட்டாய்க்கும் பயன்படும் பொருளில் இப்படியொரு ஆராய்ச்சி எதற்கு என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், அவரிடமே பெரிய பதில் இருந்திருக்காது. ஜெலட்டின் என்பது கொலாஜன் என்ற புரதத்தின் உருமாற்றம். நம் தோலுக்கு வலுவைக் கொடுப்பதும் அதே கொலாஜன்தான்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அடுத்தவர் தோலை எடுத்து ஒட்டினால் என்ன என்ற கேள்விக்கு ஏற்கெனவே பதில் கிடைத்திருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனின் பீட்டர் மெடாவர், கிளாஸ்கோ மருத்துவமனையில் டாக்டர் தாமஸ் கிப்சனோடு சேர்ந்து, தீக்காயம் பட்ட ஓர் இளம்பெண்ணுக்கு அவளுடைய சகோதரரின் தோலைச் சிறு துண்டுகளாக ஒட்டிப் பார்த்தார். சில நாள் ஒட்டியிருந்து, அழிந்தது. அதே சகோதரரின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது இன்னும் வேகமாக அழிந்தது. அம்மை ஒருமுறை வந்தால் உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்கிறதல்லவா, அதுபோல! தோலை விரட்டுவது நோய் எதிர்ப்பு சக்திதான் என்பது இப்படித்தான் புரிந்தது. 1943-ல் வெளியான அந்த ஆய்வில் தொடங்கிய பாதை, 1960-ல் மெடாவருக்கு நோபல் பரிசு வரை போனது.

பர்க் இந்தச் சுவரிலும் மோதிப் பார்த்தவர். எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கி வைத்து, அடுத்தவர் தோலைத் தற்காலிகமாக ஒட்டும் முறையைக் கையாண்டு, 1974-ல் அதைப் பற்றி எழுதினார். தீக்காயக்காரரைக் கொல்வது பெரும்பாலும் கிருமித் தொற்று. அவரிடம் போய் எதிர்ப்பு சக்தியை அடக்குவது என்றால், எவ்வளவு துணிச்சல், எவ்வளவு வேறு வழியற்ற நிலை! அதனால்தான் இன்னொரு பக்கம் யானஸோடு நடந்த வேலை அத்தனை முக்கியமாக இருந்தது.

யானஸ் குழு முதலில் வைத்துக்கொண்ட இலக்கு எளிமையானது: காயத்தைச் சீக்கிரம் மூடவைக்கும் ஒரு கட்டு. மாட்டிலிருந்து எடுத்த கொலாஜனையும், சுறாமீன் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைச் சங்கிலிப் பொருளையும் கலந்து, உறையவைத்து, ஈரத்தை உறிஞ்சிப் பஞ்சு மாதிரி ஆக்கினார்கள். மேலே மெல்லிய சிலிக்கோன் படலம். இதில் பல வகைகளைச் செய்து கினிப் பன்றிகளின் காயத்தில் வைத்து, நாள்தோறும் காயத்தின் அளவைக் குறித்துக்கொண்டே வந்தார்கள்.

எதுவும் வேகப்படுத்தவில்லை. ஒரு வகை மட்டும் காயம் மூடுவதைத் தாமதப்படுத்தியது. கட்டு போடாமல் விட்டிருந்தாலே சீக்கிரம் மூடியிருக்கும் என்றால், அது தோல்விதானே? வேறு யாராக இருந்தாலும் அந்த வகையைக் குப்பையில் போட்டிருப்பார்கள். இவர்கள் அந்த இடத்துத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தழும்பு இல்லை. புதிய தோல் இருந்தது.

இது ஏன் அதிசயம்? தோலுக்கு இரண்டு தளங்கள். மேல்தோல் தினமும் உதிர்ந்து தினமும் வளர்வது. அதன் கீழேயுள்ள தடித்த உள்தோல், வளர்ந்த மனிதருக்கு ஒருமுறை அழிந்தால் அழிந்ததுதான். உடம்பு காயத்தின் விளிம்புகளை இழுத்துச் சுருக்கி, இடைவெளியைத் தழும்பால் அடைத்துவிடும். சமையலறையில் சுட்டுக்கொண்ட சின்ன வடு என்றால் சரி. கழுத்தில், முழங்கை மடிப்பில் இது நடந்தால் தலையை நிமிர்த்த முடியாது, கையை நீட்ட முடியாது. இந்தப் பஞ்சு அந்தச் சுருக்கத்தைத்தான் தடுத்திருந்தது. சுருங்குவது தாமதமானபோது, உள்தோல் மீண்டும் உருவாக வழி பிறந்தது.

ஆனால் எல்லாப் பஞ்சும் இதைச் செய்யாது. துளைகள் ரொம்பச் சிறிதாக இருந்தால் செல்கள் உள்ளே நுழைய முடியாது. ரொம்பப் பெரிதாக இருந்தால் அவை பற்றிக்கொள்ள இடம் போதாது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே என்ற அளவுகளில் நடக்கும் விளையாட்டு இது. காலக்கணக்கும் உண்டு. பஞ்சு சுமார் 2 வாரம் நிலைத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே கரைந்தால் சுருக்கம் தொடங்கிவிடும். கரையாமல் நின்றால் புதுத்தோலுக்குத் தடையாகிவிடும். எவ்வளவு நாளில் கரைய வேண்டும் என்பதை இழைகளின் பிணைப்பை வைத்துத்தான் கட்டுப்படுத்த வேண்டும். பிரின்ஸ்டனில் கற்ற ஜெலட்டின் பாடம் இங்கேதான் கைகொடுத்தது.

சரி, மாட்டுப் பொருளை உடம்பு ஏன் விரட்டவில்லை? மெடாவர் கண்ட சண்டை, முக்கியமாக உயிருள்ள அந்நிய செல்களோடு நடப்பது. இந்தப் பஞ்சில் செல்லே கிடையாது. கொலாஜனும் மாட்டுக்கும் மனிதனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத புரதம். அதனால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தே தேவைப்படவில்லை. எதிராளியோடு சண்டை போடாமல், அவர் கண்ணிலேயே படாமல் நழுவிப் போன மாதிரி!

1981-ல் பர்க், யானஸ் குழு 10 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டது. உடலில் பாதி முதல் 95 சதவிகிதம் வரை வெந்தவர்கள் அவர்கள். செய்முறை இதுதான்: கருகிய தோலை அகற்றி, பஞ்சைப் பரப்பி, சில வாரங்கள் காத்திருந்து, சிலிக்கோன் படலத்தை உரித்து, நோயாளியின் சொந்த மேல்தோலை மிக மிக மெல்லிசாகச் சீவி ஒட்டுவது. மெல்லிசாகச் சீவியதால், தோல் எடுத்த இடம் சீக்கிரம் ஆறும். அதே இடத்தில் திரும்பவும் எடுக்கலாம்.

அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 'இன்டெக்ரா' என்ற பெயரில் இதற்கு அனுமதி தந்தது 1996-ல். கட்டுரை வந்து 15 வருடங்களுக்குப் பிறகு! பர்க் 2011-ல் காலமானார். யானஸ் தோலோடு நிற்காமல், அறுந்த நரம்பின் இரண்டு முனைகளுக்கு நடுவே கொலாஜன் குழாயை வைத்து வளரவைக்கும் ஆராய்ச்சிக்கும் போனார். அங்கேயும் அவர் துரத்தியது அதே சுருக்கத்தைத்தான்.

இந்தத் தோலில் ஒரு குறை உண்டு. அதில் முடி முளைக்காது, வியர்வைச் சுரப்பி உருவாகாது. உடலின் பெரும்பகுதியில் இப்படிப் புதுத்தோல் பெற்றவர் பிழைத்து நடமாடலாம், கையை நீட்டி மடக்கலாம். ஆனால் கோடைக்காலத்தில் அந்த இடங்கள் வியர்க்காது என்பதால் அவருக்குச் சூட்டைத் தாங்குவது சிரமம். அந்தச் சுரப்பிகளை எப்படி முளைக்கவைப்பது என்று ஆய்வுக்கூடங்களில் இன்னமும் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.