வாவி மீனும் வெளிறிய கூறும்

படுவான்கரை வயல்களிற் பாய்ந்த நீர் ஈற்றில் மட்டக்களப்பு வாவியையே சென்றடைகின்றது; பசளையும் பீடைநாசினியும் அதனுடன் கலந்து வருகின்றன. மீன் செத்து மிதந்தால் எவரும் காண்பர். மீன் உயிரோடிருக்க, அதன் கலங்களின் உள்ளே தீங்கு நேர்ந்தால் அதனைக் காண்பது எங்ஙனம்?

கலம் பிரியுமுன் டி.என்.ஏ. இரட்டிக்க, ஒவ்வொரு நிறமூர்த்தமும் ஒத்த இரு கூறுகளாகிறது. இக்கூறுகள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்வதுண்டு, டி.என்.ஏ.யைத் தாக்கும் நஞ்சுகள் பல இம்மாற்றத்தை மிகுவிக்கின்றன. ஆனால், ஒத்தவை இடம்மாறினால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கேதான் புரோமோடியொட்சியூரிடீன் என்னும் பொருள் துணைக்கு வருகிறது. புதிதாய் உருவாகும் புரிகளில் தைமிடீனுக்குரிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். இருமுறை இரட்டித்தபின் ஒரு கூற்றின் இரு புரிகளிலும், மற்றதன் ஒரு புரியில் மட்டுமே அது காணப்படும். பெரி, வுல்ஃப் ஆகியோர் 1974இல் வெளியிட்ட சாயமுறையில் முன்னது வெளிறும், பின்னது கருக்கும். கருமையும் வெளிறலும் தாவும் இடமே பரிமாற்றம் நிகழ்ந்த இடம்.

குடுவையில் வளரும் கலங்களுக்கு இது எளிது. உயிருள்ள எலியின் உடலிலோ அப்பொருள் விரைவிற் சிதைந்துவிடும். ஆதலால் தோலின்கீழ் வில்லை பதித்து மெல்லக் கரையவிட்டனர். மீனின் கலங்கள் ஆறுதலாகவே பிரிவன. 1976இல் கிளிகர்மனும் புளூமும் அமெரிக்கச் சேற்றுமீனொன்றின் வயிற்றறையில் மருந்தேற்றி, நாட்கணக்கிற் காத்திருந்து, கொல்சிசீனாற் பிரிவை நிறுத்திப் பரிமாற்றங்களை எண்ணினர். (ஊசியேற்றிய மீனைக் கறிச்சட்டிக்கு அனுப்பலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?) அம்மீனுக்கு 22 நிறமூர்த்தங்களே, அவையும் பெரியவை. நுணுக்குக்காட்டியின்முன் அமர்ந்தவருக்கு இதைவிடப் பெரிய பேறில்லை. 1980இல் நெதர்லாந்து ஆய்வாளர் ரைன் நதிநீரில் வைத்த மீன்களிற் பரிமாற்றம் மிகுந்திருக்கக் கண்டனர்.

வாவிக்கும் இதுவே பொருந்தும் வினா. ஆயினும் வாவியின் மீன் சேற்றுமீனன்று. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவுக்கு 44 நிறமூர்த்தங்கள், யாவும் சிறியவை. விராலின் உறவான குரவைக்கு 32. இந்திய ஆய்வாளர் அதனை நாடுவதன் காரணம் இதுவே. எனினும் குரவை நன்னீர் மீன். முகத்துவாரத்து உவர்நீரில் அதனைத் தேடிப் பயனில்லை. வயல்வாய்க்கால் கலக்குமிடத்தும் முகத்துவாரத்தருகிலும் ஒருங்கே வாழ்வது திலாப்பியாவே. இரண்டிடத்து மீன்களையும் ஒப்பிடுவோர் உப்பின் வேறுபாட்டையும் கணக்கிற் கொள்ளவேண்டும். மேலும், புரோமோடியொட்சியூரிடீன்தானும் சில பரிமாற்றங்களை விளைவிக்கும். ஆகவே தூயநீரில் வளர்த்த மீனுக்கும் அதே அளவு மருந்தேற்றி எண்ணிய பின்னரே வாவியைக் குற்றஞ்சாட்டல் தகும்.